காற்றும் வெளிச்சமும் ஆட்களும் சேர்ந்து வாசிக்கும் இசை

கேள்வி: காற்று, வெளிச்சம், ஆள் நடமாட்டம் மூன்றுக்கும் ஏற்ப இசை மாறும் அமைப்பு ஒன்றைக் கல்லூரி முற்றத்தில் வைக்கப்போகிறோம். சென்சார்களை அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் இணைத்துப் பார்த்தோம். இரைச்சல்தான் வருகிறது. வேறு சென்சார் வாங்கலாமா?

பதில்: வேண்டாம், இருப்பதே போதும். சென்சார் தரும் எண்ணை அப்படியே சுரமாக மாற்றியிருப்பீர்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

குரோஷியாவின் ஸதார் நகரக் கடற்கரையில் கட்டடக் கலைஞர் நிகோலா பாஷிச் வடிவமைத்த கடல் ஆர்கன் 2005-இல் திறக்கப்பட்டது. கற்படிகளுக்குக் கீழே 35 குழாய்கள். அலை தள்ளும் காற்றில் அவை ஒலிக்கும். எந்தக் குழாய்க்கு எந்தச் சுரம் என்பது முன்பே முடிவானது. எப்போது, எவ்வளவு வலுவாக என்பது மட்டும் கடலின் கையில். நீங்களும் சுரங்களை முதலில் பூட்டிவிடுங்கள். மோகன ராகத்தின் ச, ரி, க, ப, த போதும். அரைச்சுரம் என்கிற மிக நெருக்கமான இடைவெளியே இல்லாததால், எந்த இரண்டு சேர்ந்து ஒலித்தாலும் காதை உறுத்தாது.

அப்புறம் வேலையைப் பிரியுங்கள். வெளிச்சம் மெல்ல மாறுவது. அது ஒலியின் நிறத்தை, அதாவது கூர்மையா மென்மையா என்பதைப் பார்த்துக்கொள்ளட்டும். காற்று கூடினால் சுரங்கள் நெருங்கி விழட்டும். ஆள் வந்தால் மட்டும் பதில் உடனடியாக வேண்டும். அரை நொடி தாமதித்தாலே, தன்னால்தான் ஒலித்தது என்பது வந்தவருக்குப் புரியாது.

ஆளைக் கண்டறிய பிஐஆர் சென்சார் மலிவுதான். ஆனால் அது உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பியிருக்கிறது. நம் ஊர் மே மாத மதியத்தில் அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது? ஒலியலை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தில் தூரத்தை அளக்கும் அல்ட்ராசானிக் சென்சார் பரவாயில்லை, மென்மையான துணி அதன் ஒலியை உறிஞ்சுவதால் எப்போதாவது ஆளைத் தவறவிடும். அதனால் கடைசி ஐந்து அளவீடுகளை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். ஒன்றரை மீட்டருக்குள் வந்தால் ஒலிக்கட்டும், இரண்டு மீட்டரைத் தாண்டினால்தான் அடுத்த முறைக்குத் தயாராகட்டும். ஒரே எல்லை வைத்தால், அந்தக் கோட்டில் நிற்பவர் லேசாக அசைந்தாலும் மறுபடி மறுபடி ஒலிக்கும்.

ஒலியை உருவாக்க ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ப்யூர் டேட்டா என்ற ஒலி மென்பொருள் போதும், அது இலவசம்.

சுற்றுச் சத்தத்துக்கு ஏற்ப ஒலியளவைக் கூட்டிக் குறைக்க மைக் வைக்கும் யோசனை இருந்தால் கவனம். மைக் உங்கள் ஸ்பீக்கரையே கேட்டு, இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். அமைப்பு மௌனமாக இருக்கும் இடைவெளிகளில் மட்டும் அளந்து, ஒலியளவுக்கு ஓர் உச்சவரம்பும் போட்டுவிடுங்கள். பரீட்சை நாட்களுக்கென்று வாட்ச்மேன் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு ஸ்விட்சும் இருக்கட்டும்.