ஆன்டிபயாடிக் சாப்பிட்டுத் தடிப்பு வந்தால் எப்போது பயப்பட வேண்டும்?

அமாக்சிசிலின் குடித்த மகனுக்கு முதுகெல்லாம் சிவப்பாகத் தடித்திருக்கிறது, ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தைகளுக்கு அந்த மருந்தில் தடிப்பு வருவது சகஜம். பெரும்பாலும் தானாக மறைந்துவிடும். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ மட்டும் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இன்னொரு வகை இருக்கிறது. அதில் அரிப்பு பெரிதாக இருக்காது, வலிதான். நான் டாக்டர் இல்லை. என் அத்தைக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தவள். சிறுநீர்த் தொற்றுக்குக் கோ-ட்ரைமாக்சசோல் என்ற சல்பா மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை தீர்ந்த பிறகுதான் காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல் எல்லாம் வந்தன. மெட்ராஸ் ஐ என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அப்புறம் உதடு வெந்து, மார்பில் கருஞ்சிவப்புப் புள்ளிகள். புடவை பட்டாலே துடித்தார். தோல் டாக்டர் விரலால் லேசாகத் தேய்த்தார், தோல் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது.

ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம் என்றார்கள். அபூர்வம்தான். மருந்து தொடங்கி 4 முதல் 28 நாளுக்குள் வரும் என்பதால் பலருக்கு மாத்திரை ஞாபகமே வராது. உடம்பில் 10 சதவீதத்துக்குள் தோல் உரிந்தால் இந்தப் பெயர். 30 சதவீதத்தைத் தாண்டினால் டென் (TEN, டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ்) என்கிறார்கள், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. வலிப்பு மாத்திரை, யூரிக் ஆசிட்டுக்கான அலோப்யூரினால் போன்றவற்றாலும் வரும்.

தீக்காயம் பட்டவரைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்கள். படுக்கையில் துணி ஒட்டிக்கொள்ளும் என்று சுத்தப்படுத்திய வாழை இலையை விரித்தார்கள். இமையும் விழியும் ஒட்டிவிடாமலிருக்கக் கண் டாக்டர் தினமும் வந்து கண்ணாடிக் குச்சியால் பிரித்துவிடுவார். தோல் நன்றாகவே ஆறிவிட்டது. கண்தான் இன்னும் வறட்சி, சொட்டு மருந்து இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை.

இப்போது அத்தை தனக்கு ஆகாத மருந்தை எழுதிய ஒரு சீட்டை மணிபர்ஸில் வைத்திருக்கிறார். பிராண்ட் பெயரை எழுதினால் பிரயோஜனமில்லை, அதே மருந்து பத்துப் பெயரில் விற்கிறது. அதனால் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். "பாதி மாத்திரை போட்டுப் பார்ப்போம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மறுபடி வந்தால் உயிருக்கே ஆபத்து.

சரி, உங்கள் மகன் விஷயம். வாயைத் திறக்கச் சொல்லிப் புண் இருக்கிறதா பாருங்கள், கண் சிவந்திருக்கிறதா பாருங்கள். தொட்டால் வலிக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எதுவும் இல்லையென்றாலும் அடுத்த வேளை கொடுப்பதற்கு முன் டாக்டருக்குப் போன் போடுங்கள். தடிப்பைப் போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கே மறைந்துவிட்டால் அவருக்குக் காட்ட அதுதான் இருக்கும்.