வாசலில் வைத்துச் சொன்னது

கேள்வி: விசைப்படகுக்குப் போகும் பையன் ஒருவன் எங்கள் கோயிலில் ஞாயிறு திருப்பலியில் பைபிள் வாசகம் வாசித்தான். 'தெசலோனிக்கர்' என்பதிலேயே தடுக்கி, கடைசிவரை தடுமாறினான். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்து, அவன் நன்மைக்காகவே குறைகளைச் சொன்னேன். அப்புறம் அவன் கோயில் பக்கமே வருவதில்லை. குறையைச் சுட்டிக்காட்டுவது கிறிஸ்தவக் கடமை இல்லையா? எல்லாரையும் பாராட்டிக்கொண்டே இருந்தால் அது முகஸ்துதி ஆகாதா?
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: கடமைதான் ஐயா. ஆனால் அதை எங்கே வைத்துச் செய்ய வேண்டும் என்றும் இயேசு சொல்லியிருக்கிறார். மத்தேயு 18:15-ஐ எடுத்துப் பாருங்கள். சகோதரர் பாவம் செய்தால், நீங்களும் அவரும் தனியாக இருக்கும்போது எடுத்துச் சொல்லச் சொல்கிறார். பாவம் செய்தவருக்கே அந்த மரியாதை. இந்தப் பையன் என்ன பாவம் செய்தான்? வாசிக்கும்போது தடுமாறினான், அவ்வளவுதான். அவனை நீங்கள் நிறுத்திப் பேசியது சனமெல்லாம் வெளியே வரும் வாசலில்.

சனிக்கிழமை கடலுக்குப் போகிற பையன் ஞாயிறு காலை கரை வந்து, மீனை இறக்கிவிட்டு, குளித்து, சட்டை மாற்றி, தூங்காத கண்ணோடு பீடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறான் என்றால் அவனுக்குள் எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும்! அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

யோவான் 21-ஆம் அதிகாரம் நம் கடற்கரைக்காரர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லாத அதிகாரம். இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் படவில்லை. விடியும்போது கரையில் இயேசு கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார். வந்தவர்களில் பேதுருவும் உண்டு, மூன்று முறை அவரைத் தெரியாது என்று சொன்ன அதே பேதுரு. கண்டிக்க இதைவிடக் காரணம் வேண்டுமா? முதலில் சாப்பிடக் கூப்பிடுகிறார். அப்புறம்தான் அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்கிறார். ஒவ்வொரு முறையும் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுக்கிறார். மறுதலித்த அந்த இரவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இன்னொருவர் மாற்கு. திருத்தூதர் பவுலோடு நற்செய்திப் பயணம் புறப்பட்டு, பம்பிலியாவில் பாதியிலேயே திரும்பிப் போனவர். அடுத்த பயணத்துக்கு அவர் வேண்டவே வேண்டாம் என்றார் பவுல். பவுல் சொன்ன குறை உண்மைதான். ஆனால் பவுலோடு சேர்ந்து ஊழியம் செய்த பர்னபா அந்த இளைஞரை விடாமல் சைப்பிரசுக்குத் தன்னோடு கூட்டிப்போனார். பிற்பாடு சிறையிலிருந்து எழுதும் கடிதத்தில், மாற்குவை அழைத்து வா, அவர் எனக்குப் பயன்படுவார் என்று பவுலே கேட்கிறார் (2 திமொத்தேயு 4:11). நீங்கள் பழைய பவுலின் பக்கம் நிற்கிறீர்கள். பவுலே பிறகு அங்கே நிற்கவில்லை.

முகஸ்துதி என்கிறீர்கள். மோசமாக வாசித்தவனிடம் பிரமாதம் என்று சொல்லச் சொல்லவில்லை; அது பொய், அவனுக்கே தெரிந்துவிடும். வேலை முடித்த அலுப்போடு வந்து நின்றானே, அது உண்மை. அதைச் சொல்லலாமே. கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களைக் கடிதம் எழுதிக் கடுமையாகக் கண்டித்த பவுல்கூட, அந்தக் கடிதத்தை அவர்களுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லித்தான் தொடங்குகிறார்.

சரி, இப்போது என்ன செய்வது? அவன் வீட்டுக்குப் போங்கள். வாசலில் வைத்துப் பேசியது தப்பு என்று சொல்லுங்கள். 'ஆனால்' என்று ஆரம்பிக்காதீர்கள். பங்குத்தந்தையிடம் பேசி இன்னொரு வாசகம் வாங்கிக் கொடுங்கள். முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை வாசிக்க வையுங்கள். திருத்தமெல்லாம் அங்கே சொல்லலாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுப் பையன்கள் கரையில்தான் இருப்பார்கள். உங்கள் அன்பியத்திலேயே (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுவிலேயே) வாசகப் பயிற்சி தொடங்க அது நல்ல சமயம்.

முதல் தடவை போகும்போது அவன் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். அடுத்த வாரமும் போங்கள்.