லாக்ராஸ் கோலிக்கு 50% சேவ்னா மோசமா?

8வது படிக்கிற பையன் லாக்ராஸ் (வலை கட்டின ஸ்டிக்கால பந்தைப் பிடிச்சு வீசி கோல் போடுற ஆட்டம்) டீம்ல கோலியா, அதாவது கோல்கீப்பரா நிக்கிறான், கோச் குடுத்த ஷீட்ல சேவ் பர்சன்டேஜ் 50னு இருக்கு, பாதிக்குப் பாதி விட்டுட்டானே, டீமை மாத்தணுமான்னு கேட்டிருக்கீங்க. வேணாங்க, பையன் நல்லாத்தான் ஆடுறான்.

நாங்க இருக்கிறது மேரிலேண்ட்ல, இங்க லாக்ராஸ்தான் ஸ்டேட்டோட அதிகாரபூர்வ டீம் ஸ்போர்ட், என் பெரியவன் டீமுக்கு ஸ்கோர் புக் எழுதுறது நான்தான். ஃபீல்ட் லாக்ராஸ்ல (மைதானத்துல ஆடுறது) கோல் 6 அடி அகலம் 6 அடி உயரம், கோலி ஸ்டிக்கோட தலைப்பகுதி அதிகபட்சம் 12 இன்ச், காலேஜ் லெவல்ல எல்லாம் அந்த ரப்பர் பந்து மணிக்கு 90 மைல் வேகத்துல கிட்டத்துலேர்ந்து வரும், அதுல பாதியைத் தடுக்கறதே பெரிய விஷயம். காலேஜ் கோலி 55 வெச்சிருந்தா நல்ல கோலி, 60ன்னா அபாரம்னுதான் சொல்வாங்க. ஐஸ் ஹாக்கில 90 வருதே, பாக்ஸ் லாக்ராஸ்ல (உள்ளரங்கத்துல ஆடுறது) 75க்கு மேல வருதேன்னு பாக்காதீங்க, அங்க கோலும் சின்னது, கோலி பேடும் பெருசு.

கணக்கு இதான்: சேவ் வகுத்தல் சேவும் விட்ட கோலும் சேர்ந்த மொத்தம். வெளிய போன ஷாட், போஸ்ட்ல பட்டுத் திரும்பினது, நடுவுல டிஃபென்டர் மறிச்சது எதுவுமே இதுல வராது. வெளிய போக வேண்டிய பந்தை எட்டிப் பிடிச்சாலும் சேவ் இல்ல, இங்க பெத்தவங்க நிறைய பேர் சண்டைக்கே வந்துடுவாங்க. கோலைச் சுத்தி 9 அடி ரேடியஸ்ல இருக்கிற க்ரீஸ் கோட்டை மிதிச்சுட்டு அடிச்ச கோல் செல்லாது, அதையும் கோலி தலையில எழுதக் கூடாது. டீமுக்கு ஒரு கோல் ஒரு பாயின்ட்தான் (பிஎல்எல்ங்கற அமெரிக்க ப்ரொஃபஷனல் லீக்ல தூரத்துலேர்ந்து அடிச்சா 2), ஆனா ஷீட்ல ப்ளேயர் பேருக்கு நேர பாயின்ட்ஸ்னு இருக்கறது அவன் போட்ட கோலும் அசிஸ்ட்டும் (அடுத்தவன் கோல் போட குடுத்த பாஸ்) சேர்த்து, அதைக் கூட்டி ஸ்கோரோட ஒத்துப் பாத்தா டேலி ஆகாது.

ஒரு மேட்ச் பர்சன்டேஜை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. 12-3ன்னு ஜெயிச்ச மேட்ச்ல வந்ததே 5 ஷாட், 2 தடுத்தான்னா 40%, அடுத்த மேட்ச் தோத்தாலும் 20ல 12 தடுத்தான்னா 60%. ரெண்டுக்கும் சராசரி 50ன்னு போடுவாங்க, அது தப்பு, மொத்தமா 25ல 14, அதாவது 56%. உங்க ஷீட்ல எப்படிப் போட்டிருக்காங்கன்னு முதல்ல கேளுங்க.

அதைவிட உபயோகமானது ஷாட் எங்க வந்துச்சுங்கறது. நோட்ல கோல் மாதிரி ஒரு சதுரம் போட்டு 9 கட்டமா பிரிச்சு, தடுத்தா டிக், விட்டா புள்ளி, மேன்-டவுன்ல (பெனால்டியால நம்ம டீம்ல ஆள் குறையா இருக்கும்போது) வந்த கோலுக்கு மட்டும் ஒரு வட்டம். எங்க பையனுக்குப் புள்ளி பூரா இடது இடுப்பு கிட்டதான் விழுந்துச்சு, ஸ்டிக்கை வலது பக்கம் பிடிக்கிறவனுக்கு அங்க கொண்டு வரத்தான் நேரமாகும், அதைப் பாத்துட்டு கோச் டென்னிஸ் பாலை அந்த இடத்துக்கே அடிச்சு அடிச்சு ப்ராக்டிஸ் குடுத்தார், கொஞ்ச நாள்லயே புள்ளி குறைஞ்சுச்சு.

க்ளியருக்கும் (தடுத்த பந்தை நம்ம கோல் பக்கத்துலேர்ந்து முன்னாடி கொண்டு போறது) தனியா ஒரு வரிசை போடுங்க. பந்தைத் தடுத்துட்டு க்ரீஸுக்குள்ள 4 செகண்டுக்கு மேல வெச்சிருக்க முடியாது, அதுக்குள்ள வெளிய வரணும், இல்லன்னா ஆளைப் பாத்து பாஸ் குடுக்கணும், அந்த பாஸ் நம்ம ஆளுக்குப் போச்சா எதிராளிக்குப் போச்சான்னு சேவ் பர்சன்டேஜ் சொல்லாது, ஆனா கோச் கோலியைத் தேர்ந்தெடுக்கும்போது அதைத்தான் ரொம்ப கவனிக்கிறாங்க.