லா ஸ்கூல் லைப்ரரியனிடம் என்ன கேட்பது?

"தீர்ப்பு, சட்டம் எல்லாமே வெஸ்ட்லா தளத்தில் கிடைக்கிறதே அக்கா, அப்புறம் எனக்கென்று ஒரு லைப்ரரியன் பெயரை ஏன் அனுப்பியிருக்கிறார்கள்? அவரிடம் என்ன கேட்பது?" என்று கேட்டிருந்தாய் தம்பி. அமெரிக்காவுக்கு எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்பு படிக்க வரும் நம் பிள்ளைகளுக்கு வழக்கமாக வரும் சந்தேகம்தான். நான் படித்த கல்லூரியில் லைப்ரரியன் என்றால் முத்திரை குத்திப் புத்தகம் தருகிறவர், சத்தம் போட்டால் முறைக்கிறவர். இங்கே லா ஸ்கூல் ரெஃபரன்ஸ் லைப்ரரியன்களில் பலர் ஜே.டி. என்ற சட்டப் பட்டமும் முடித்து, நூலக அறிவியலில் முதுகலையும் படித்தவர்கள். பேராசிரியர்களே கட்டுரை எழுத உட்காரும்போது அவர்களைத் தேடிப் போகிறார்கள்.

ஆய்வுத் தலைப்பை முடிவு செய்வதற்கு முன்னாடியே போய்விடு. நீ சொல்ல நினைப்பதை ஏற்கெனவே யாராவது எழுதிவிட்டார்களா என்று பார்ப்பதற்கு 'ப்ரீஎம்ப்ஷன் செக்' என்று பெயர். பழைய லா ரிவ்யூக்களுக்கு, அதாவது சட்ட ஆய்விதழ்களுக்கு, ஹெய்ன்ஆன்லைன், அச்சேறாத கட்டுரைகளுக்கு எஸ்.எஸ்.ஆர்.என். என்று எங்கெங்கே துழாவ வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

வெஸ்ட்லாவில் ஒரு தீர்ப்புக்குப் பக்கத்தில் 'இது இனி செல்லாமல் போயிருக்கலாம்' என்று எச்சரிக்கும் சிவப்புக் கொடியைப் பார்த்தால் அதை அப்படியே தூக்கிப் போடத் தோன்றும். என்னோடு உட்கார்ந்த லைப்ரரியன் அந்தக் கொடியை க்ளிக் செய்து காட்டினார். பின்னால் வந்த தீர்ப்பு அடித்தது ஒரே ஒரு பாயின்ட்டைத்தான். எனக்கு வேண்டிய பகுதியில் கை வைக்கவே இல்லை. "கொடி இல்லாவிட்டாலும் நம்பிவிடாதே, லெக்சிஸ் தளத்தில் இதே வேலையைச் செய்யும் ஷெப்பர்ட்ஸையும் ஒரு தடவை பார்" என்றார்.

ஏஐ வந்ததில் இவர்களுக்கு வேலை கூடித்தான் போயிருக்கிறது. 2023இல் நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டில் மாட்டா - ஏவியாங்கா வழக்கு. சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம். இப்போது எந்தக் கருவி எங்கே உளறும் என்று பல லைப்ரரிகளில் வகுப்பே எடுக்கிறார்கள். போய் உட்கார்.

சில்லறை விஷயங்களும் உண்டு. வெப்சைட்டை மேற்கோள் காட்டினால் பெர்மா.சிசி-யில் சேமித்துவிடு. ஹார்வர்டு லா ஸ்கூல் லைப்ரரி உருவாக்கியது. நாளைக்கு அந்தப் பக்கமே காணாமல் போனாலும் நீ பார்த்த நகல் இருக்கும். ஃபெடரல் கோர்ட் ஆவணம் பேசர் என்ற கோர்ட்டுகளின் ஆன்லைன் தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட். கார்டை நீட்டுமுன் லைப்ரரியனிடம் ஒரு வார்த்தை கேள், அதே ஆவணம் கோர்ட்லிஸ்னரில் இலவசமாகக் கிடக்கலாம்.

விசா, வீட்டு லீஸ் என்று சொந்தப் பிரச்சினைக்கு மட்டும் ஆலோசனை கேட்காதே. அதற்கான புத்தகத்தைக் காட்டுவார்கள், அவ்வளவுதான்.

அப்பாயின்ட்மென்ட் கேட்டு எழுதும்போது உன் கேள்வி என்ன, எங்கே தேடினாய், என்ன கிடைத்தது என்று நாலு வரி போடு. 'ரெஸ்பெக்டட் மேடம்' எல்லாம் வேண்டாம், பெயரைச் சொல்லியே எழுதலாம்.