பழைய லைட்டர்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் பழைய சுருட்டு லைட்டர்களைப் பற்றி நாலு பத்தி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நான் கைக்கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைத்தவன். சுருட்டு பிடிக்கும் பழக்கம் கிடையாது. ஒருமுறை ஒருவர் கடிகாரத்தோடு ஒரு லைட்டரையும் மேசைமேல் வைத்து "இதையும் ஒரு கை பாருங்களேன்" என்றார். அன்று பிடித்த கிறுக்கு இன்னும் தெளியவில்லை. சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி: தாத்தாவின் பெட்ரோல் லைட்டர் அலமாரியில் கிடைத்தது. சக்கரம் அசையவே மாட்டேன் என்கிறது. துரு என்று நினைத்து எண்ணெய் விட்டேன். பயனில்லை.

இனி எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் சக்கரம் கல்லைச் சுரண்டாமல் வழுக்கும். அப்புறம் பொறி வராது. உங்கள் லைட்டரில் பெரும்பாலும் துரு இருக்காது, உள்ளே கிடக்கும் கல்தான் ஊதியிருக்கும்.

கல் என்று சொல்கிறோமே தவிர அது கல்லே இல்லை, ஓர் உலோகக் கலவை. சீரியம், லாந்தனம் முதலிய உலோகங்களோடு இரும்பைக் கலந்து ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் உருவாக்கி 1903இல் காப்புரிமை பெற்றது. நல்ல பொறி தரும், ஆனால் ஈரக்காற்று ஆகாது. பல வருடம் அப்படியே கிடந்தால் சாம்பல் நிறத் தூளாக உதிர்ந்து, உப்பி, குழாயின் சுவரைக் கவ்விக்கொள்ளும். மேலே சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் லைட்டரில் சொட்டு எரிபொருள் இல்லை என்று உறுதி செய்யுங்கள். கல்லைச் சுரண்டும்போதே பொறி பறக்கலாம். அடிப்பக்கத் திருகைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுங்கள். கல் தானாக விழாவிட்டால், குழாயைவிடச் சற்று மெல்லிய டிரில் பிட் ஒன்றை விரல்களால் பிடித்து, மெதுவாகத் திருகித் திருகித் தூளை வெளியே கொண்டுவாருங்கள். மின் டிரில் வேண்டவே வேண்டாம். சக்கரத்தை நெருங்கும்போது நிறுத்திவிடுங்கள். அதன் பற்களில் இரும்பு பட்டால் அவை மழுங்கிவிடும். மிச்சத்தை ஊசியால் கிளறிக் கொட்டலாம். இப்படி ஒரு லைட்டருக்கு நான் மூன்று மாலைப்பொழுதுகளைச் செலவழித்திருக்கிறேன். நான்காம் நாள் சக்கரம் 'சரக்'கென்று சுழன்றபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு அதில் பெரிய சுவாரசியம் எதுவும் தெரியவில்லை.

புதுக்கல் வாங்கும்போது குறுக்களவைப் பாருங்கள். பொதுவாகக் கிடைப்பது சுமார் இரண்டரை மில்லிமீட்டர். எல்லா லைட்டருக்கும் அது பொருந்தாது. பிரான்ஸின் லைட்டர் நிறுவனமான டுபான்ட் மாடலுக்கு ஏற்ப வேறு வேறு நிறக் கல் வைத்திருக்கிறது. பொருந்தாத கல்லைத் திணித்தால் மறுபடியும் டிரில் பிட்டைத் தேடவேண்டி வரும்.

கல் மாற்றிய பிறகும் பற்றவில்லையா? திரியைப் பாருங்கள். கருகிய நுனியைக் கத்தரித்துவிட்டு உள்ளேயிருந்து கொஞ்சம் மேலே இழுத்தால் போதும். உள்பஞ்சு கட்டிதட்டி மஞ்சளாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். பெயர்தான் பெட்ரோல் லைட்டர், ஊற்றவேண்டியது லைட்டருக்கென்றே விற்கும் நாப்தா என்ற திரவ எரிபொருள். வண்டிக்குப் போடும் பெட்ரோலை ஊற்றவே கூடாது. நாற்றமும் புகையும் மட்டுமல்ல, உடம்புக்குக் கேடான பென்சீனும் அதில் இருக்கிறது.

கேள்வி: பெட்ரோல் லைட்டரில் பற்றவைத்தால் சுருட்டு நாறுகிறது என்கிறார்கள். உண்மையா? அப்படியானால் பழைய லைட்டர் வாங்கி என்ன பயன்?

சுருட்டு பிடிக்கும் நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் 'உண்மை' என்கிறார்கள். நாப்தாவின் வாடை முதல் சில இழுப்புகளில் ஒட்டிக்கொள்ளும். கேஸ் லைட்டரில் நிரப்பும் பியூட்டேன் வாயுவில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் பயன்படுத்தத்தான் வாங்குகிறீர்கள் என்றால் கேஸ் லைட்டர் தேடுங்கள். டுபான்ட் தன் முதல் பெட்ரோல் லைட்டரை 1941இலும் முதல் கேஸ் லைட்டரை 1952இலும் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் நிறுவனமான டன்ஹில்லின் ரோலாகாஸ் என்ற கேஸ் லைட்டர் 1956இல் வந்தது. ஆக, பழையதாகவும் இருக்கவேண்டும், வாடையும் கூடாது என்றால் ஐம்பதுகளுக்குப் பிந்தையவற்றைப் பாருங்கள்.

தாத்தாவின் பெட்ரோல் லைட்டரால்தான் பற்றவைப்பேன் என்று பிடிவாதம் உண்டா? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. சில சுருட்டுப் பெட்டிகளுக்குள் தாள் போல மெல்லிய சிடார் மரச்சீவல் வைத்திருப்பார்கள். அதில் ஒரு கீற்றைக் கிழித்து லைட்டரில் பற்றவைத்து, அந்த நெருப்பால் சுருட்டைப் பற்றவையுங்கள். எதுவானாலும் சுவாலை சுருட்டைத் தொடவேண்டாம். சற்றுக் கீழே வைத்து, சுருட்டைச் சுழற்றிச் சுழற்றி வாட்டவேண்டும்.

கேள்வி: 1960களின் பழைய கேஸ் லைட்டர் ஒன்று வாங்கினேன். நிரப்பிய இரண்டாம் நாளே காலியாகிவிடுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களுக்கும் அறுபது வயது. இறுகி, வெடித்திருக்கும். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க, அருகில் நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில், சோப்பு நுரையைச் சிறு தூரிகையால் அடியில் உள்ள நிரப்பும் வால்விலும் மேலே சுவாலை வரும் துளையிலும் தடவுங்கள். குமிழி எங்கே வருகிறதோ அங்கேதான் ஓட்டை. லைட்டரை அப்படியே தண்ணீரில் அமுக்கிப் பார்க்காதீர்கள். நண்பர் ஒருவர் அதைச் செய்து, துருப்பிடித்த ஸ்பிரிங்குகளோடு என்னிடம் வந்தார்.

அடியில் குமிழி என்றால் வளையத்தை நீங்களே மாற்றிவிடலாம். துளி சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், சாதாரண எண்ணெய் சில வகை ரப்பரை உப்பவைத்துவிடும். மேலே குமிழி என்றால் பழகிய கையிடம் கொடுங்கள். நிரப்பும்போது உள்ளே மிச்சமிருக்கும் கேஸையும் காற்றையும் முதலில் வெளியேற்றி, லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து நிரப்புங்கள். ஐந்து நிமிடம் பொறுத்துப் பற்றவையுங்கள்.

கேள்வி: அமெரிக்க நிறுவனமான ஜிப்போவின் லைட்டர் ஒன்றின் அடியில் ஒரு பக்கம் 'சி' என்ற ஆங்கில எழுத்தும் மறுபக்கம் பதினொன்றுக்கான ரோமானிய எண்ணும் இருக்கின்றன. விற்பவர் அறுபதுகள் என்கிறார்.

1995 மார்ச். ஜிப்போ 1986இல்தான் இந்த முறைக்கு மாறியது. எழுத்து மாதத்தையும் எண் வருடத்தையும் குறிக்கும். ரோமானிய இரண்டு என்றால் 1986, அங்கிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். 2001 முதல் சாதாரண எண். அறுபதுகளின் லைட்டர் என்றால் அடியில் புள்ளிகளோ, 1966 முதல் நேர்க்கோடுகளோ இருக்கும். சாய்கோடு 1974இல் தொடங்கியது.

விற்பவர் பொய் சொன்னார் என்று சண்டைக்குப் போகாதீர்கள், அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். விலையை மட்டும் 1995க்குப் பேசுங்கள். திரியும் சக்கரமும் உள்ள, வெளியே உருவி எடுக்கக்கூடிய உட்கூட்டிலும் குறி இருக்கிறது, அதையும் பாருங்கள். வெளிக்கூடு ஒரு காலம், உட்கூடு வேறு காலம் என்றால் இரண்டு லைட்டர்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கலாம். பழுதுக்குப் போனதற்கு நிறுவனமே புது உட்கூடு மாட்டித் தந்ததும் உண்டு.

கேள்வி: புகைப்படம் பார்த்து வாங்குவதில் ஆபத்து உண்டா?

உண்டு, நானே பட்டிருக்கிறேன். படத்தில் மின்னிய ஒரு வெள்ளி லைட்டரை ஆசைப்பட்டு வாங்கினேன். கைக்கு வந்தபோது கீல் ஆடியது, மூடி ஒரு பக்கம் தொங்கியது. அன்று முதல் விற்பவரிடம் நான்கு படம் கூடுதலாகக் கேட்கிறேன்: மூடி திறந்த நிலையில் கீல், அடிப்பக்கம், மூலைகள் மிக அருகில், கல் இருக்கும் குழாயின் திருகு. மூலைகளில் முலாம் தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் உள்ளே பித்தளை. திருகின் பிளவு சிதைந்திருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ கத்திமுனையால் போராடித் தோற்றிருக்கிறார். 'வேலை செய்கிறதா தெரியவில்லை' என்று விற்பவர் எழுதினால், வேலை செய்யவில்லை என்று படித்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லைப் போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

கேள்வி: டுபான்ட் மூடியைத் திறந்தால் 'டிங்' என்று மணியோசை வரவேண்டுமாமே. என்னுடையதில் வரவில்லை. போலியா?

அந்த ஓசைக்குப் பேர்போன மாடல்கள் உண்டு, எல்லா மாடலும் பாடாது. ஓசையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வரிசை எண்ணையும் முத்திரையின் கூர்மையையும் பாருங்கள். என் காதுக்கு அந்த ஓசை பிடிக்கும் என்பதை மறைக்கவில்லை.

கேள்வி: வெள்ளி முலாம் கறுத்துவிட்டது. எதைப் போட்டுத் தேய்க்கலாம்? பின்னால் யாரோ ஒருவரின் பெயரெழுத்துகளும் இருக்கின்றன, அவற்றையும் அழித்துவிடலாமா?

என் முதல் லைட்டரைப் பற்பசை போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. இன்னும் கொஞ்சம் என்று தேய்த்தேன், பித்தளை எட்டிப்பார்த்தது. அது இன்றும் என் மேசையில் இருக்கிறது; கை பரபரக்கும்போது அதைப் பார்த்துக்கொள்வேன். முலாம் பூசியதற்கு மென்மையான துணி போதும், கறுப்பு முழுவதும் போகவேண்டியதில்லை. அரக்குப் பூச்சு உள்ளதில் ஆல்கஹால் படக்கூடாது. தோல் போர்த்தியதை நனைக்காதீர்கள்.

பெயரெழுத்துகளை விட்டுவிடுங்கள். அழிக்க உலோகத்தைச் சுரண்டவேண்டும், வெளிச்சத்தில் சாய்த்தால் அந்தப் பள்ளம் அப்பட்டமாகத் தெரியும். யாரோ யாருக்கோ ஆசையாகக் கொடுத்தது, இருந்துவிட்டுப் போகட்டுமே.

கேள்வி: உலகின் முதல் லைட்டர் எது? கிடைத்தால் பற்றவைக்க முடியுமா?

1823இல் ஜெர்மன் வேதியியலாளர் டோபரைனர் செய்த விளக்கை முன்னோடி என்பார்கள். துத்தநாகத்தின் மேல் கந்தக அமிலம் பட்டு ஹைட்ரஜன் கிளம்பும், அது பிளாட்டினத்தின் மேல் பாய்ந்து பற்றிக்கொள்ளும். கிடைத்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். அமிலத்தோடும் ஹைட்ரஜனோடும் வீட்டில் விளையாட வேண்டாம்.

கேள்வி: பன்னிரண்டு லைட்டர் சேர்ந்துவிட்டது. எப்படிப் பாதுகாப்பது?

அடிக்கடி பயன்படுத்தாதவற்றில் எரிபொருளைக் காலி செய்து, கல்லையும் எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங்கையும் திருகையும் திரும்ப மாட்டி வையுங்கள், தனியே வைத்தால் தொலைந்துபோகும். ஈரமில்லாத இடம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துணிப்பை. யாருக்காவது அனுப்புவதானாலும் காலி செய்தே அனுப்புங்கள். எரிபொருள் உள்ள லைட்டர் அபாயப் பொருள். பெட்டிக்குள் ஒரு தாளில் எந்த லைட்டருக்கு எந்தக் கல் என்று எழுதி வையுங்கள். என் பெட்டியில் அப்படி ஒரு தாள் இல்லாததால்தான் போன வாரம் ஒரு கல்லைத் தவறான குழாயில் விட்டுவிட்டேன். டிரில் பிட் இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது.