கடற்காற்று வீசும் ஊரில் எந்த உலோகம்? – வாசகர் கேள்வி பதில்

மும்பையிலும் நவி மும்பையிலும் வசிக்கும் வாசகர்கள் வீட்டு வேலைகளுக்கான உலோகங்கள் குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். பெரும்பாலான கடிதங்கள் ‘எது உயர்ந்த உலோகம்’ என்றே கேட்கின்றன. ஓர் உலோகத்தைத் தனியே எடுத்து உயர்ந்தது, தாழ்ந்தது என்று மதிப்பிட இயலாது. அது எங்கே நிற்கப்போகிறது, அதன்மேல் எந்த நீர் தங்கும், எந்த உலோகம் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்பவற்றைச் சேர்த்துப் பார்த்த பிறகுதான் விலையைப் பற்றிப் பேச வேண்டும்.

கேள்வி: மாஹிமில் கடலைப் பார்த்த ஏழாவது மாடி வீடு எங்களுடையது. பால்கனிக்கு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 304 ரகக் குழாயில் கைப்பிடி அமைத்தோம். இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிட்டன. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே அசல் 304தான் என்கிறார் வெல்டிங் பட்டறைக்காரர். அப்படியானால் ஏன் துருப்பிடிக்கிறது? (வாசகி, மாஹிம்)

பதில்: காந்தச் சோதனை இங்கே எதையும் நிரூபிக்காது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 202 ரகமும் காந்தத்தில் ஒட்டாது, 304 ரகமும் ஒட்டாது. 304இல் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 202இல் நிக்கலைக் குறைத்து, அதன் இடத்தில் மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். புதிதாக மெருகேற்றிய நிலையில் இரண்டையும் கண்ணால் வேறுபடுத்த முடியாது. உலோகத்தின் மேல் ஒரு சொட்டு விட்டு, சிறு பேட்டரியைத் தொட வைத்து, நிறமாற்றத்தைப் பார்க்கும் சோதனைத் திரவம் கடைகளில் கிடைக்கிறது. ஐயம் இருந்தால் முதலில் அதைச் செய்து பாருங்கள்.

ஆனால், அது அசல் 304ஆகவே இருந்தாலும் உங்கள் பால்கனியில் புள்ளிகள் வருவதற்கு வாய்ப்பு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேற்பரப்பில் குரோமியம் உருவாக்கும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். கடற்காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைக்கிறது. 316 ரகத்தில் கூடுதலாக 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ப்பதே இந்தத் துளைப்பைத் தடுப்பதற்காகத்தான். கடலை நேராகப் பார்க்கும் மாஹிம், வொர்லி, வர்சோவா வீடுகளுக்கு வெளிப்புற வேலையில் நான் 316ஐத்தான் பரிந்துரைப்பேன். கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் முலுண்டிலோ தாணேயிலோ இருப்பவர் அந்தக் கூடுதல் செலவைச் செய்யத் தேவையில்லை. அங்கே நல்ல 304 போதும்.

ரகத்தைப் போலவே செய்முறையும் முக்கியம். பல பட்டறைகளில் சாதாரண இரும்பை அறுக்கும் அதே மேசையில், அதே கிரைண்டர் சக்கரத்தால் எஸ்.எஸ். குழாயையும் அறுக்கிறார்கள். இரும்புத் துகள்கள் குழாயின் மேல் ஒட்டிக்கொண்டு, முதல் மழையிலேயே துருப்பிடித்து, குழாயே துருப்பிடித்தது போலத் தோற்றமளிக்கும். வெல்டிங் செய்த இடத்தில் படியும் நீலக் கருமையை அமிலப் பசை பூசி நீக்காமல் விட்டால், அந்த இடமே முதலில் அரிக்கும்.

உங்கள் கைப்பிடியை மென்மையான சோப்பு நீரால் கழுவி, எஸ்.எஸ். பரப்புக்கென விற்கும் ஆக்சாலிக் அமிலத் தூய்மிப்பானால் துடைத்து, நல்ல தண்ணீரால் அலசுங்கள். கறை நீங்கி, அடியில் விரல் நகத்துக்குத் தட்டுப்படும் குழிகள் இல்லாவிட்டால் மாற்ற வேண்டியதில்லை. மாதத்திற்கு இரண்டு முறை நல்ல தண்ணீரால் துடைத்து வந்தால் போதும். மழை நேரே படாத அடிப்பக்கத்தை மறக்க வேண்டாம். உப்பு அங்கேதான் கழுவப்படாமல் தங்குகிறது. டைல்ஸ் கழுவும் ஆசிட் அதன்மேல் ஒரு சொட்டும் படக்கூடாது, ஏனெனில் அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் நேரடியாகக் குளோரைடையே கொண்டுவந்து சேர்க்கிறது. இரும்பு நார் போட்டுத் தேய்ப்பதும் கூடாது. இவை எல்லாவற்றையும் விட முக்கியமாக, கைப்பிடிக் கால்களைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றிப் பாருங்கள். குழாய் எஸ்.எஸ்.ஆகவும் போல்ட் சாதாரண இரும்பாகவும் இருப்பதை அடிக்கடி காண்கிறோம். அந்த போல்ட் விரைந்து அரிபட்டுப்போகும். ஏழாவது மாடியில் அது அழகு சார்ந்த குறை அன்று, உயிர் சார்ந்த ஆபத்து.

கேள்வி: எங்கள் சொசைட்டிக் கட்டடம் 1980களில் கட்டியது. படுக்கையறை பீமின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. கம்பிக்கு வண்ணம் அடித்துச் சிமெண்டு பூசிவிட்டால் போதும் என்கிறார் ஒப்பந்தக்காரர். போதுமா? (வாசகர், செம்பூர்)

பதில்: போதாது. நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரமே உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடலோர நகரத்தில் உப்பும் கூடவே நுழைகிறது. துருவாக மாறிய இரும்பு, மூல இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த வீக்கம்தான் காரையை உள்ளிருந்து தள்ளிப் பெயர்க்கிறது. ஆகவே காரை விழுந்துள்ளது என்றால் உள்ளே துரு நெடுநாளாக வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். மேலே பூசுவது அதை மறைக்குமேயன்றி நிறுத்தாது.

முறையான பழுதுபார்ப்பில் முதலில் பீமுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பின்பு தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறமும் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுத்து, கம்பி பளிச்சென்று தெரியும்வரை துருவை நீக்கி, மீந்திருக்கும் விட்டத்தை அளக்க வேண்டும். தேய்மானம் அதிகமானால் புதிய கம்பியை இணைத்துக் கட்ட வேண்டும்; எவ்வளவு அதிகம் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் தீர்மானிக்க வேண்டும், ஒப்பந்தக்காரர் அல்லர். அதன் பிறகே துருத்தடுப்புப் பூச்சு, பிடிப்புப் பூச்சு, பாலிமர் கலந்த சாந்து ஆகியவை வரிசையாக வரும். உப்பு ஏறிய பீமில் ஒரு துண்டை மட்டும் புதுப்பித்துவிட்டு நிறுத்தினால், அந்தத் துண்டின் ஓரத்தை ஒட்டிய பழைய பகுதியில் துரு முன்னிலும் வேகமாகப் பரவுவது உண்டு; அதனால் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு சோதனையை முடித்துக்கொள்ளக் கூடாது. மேல்வீட்டுக் குளியலறையின் கசிவு இந்தப் பீமில்தான் இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். கசிவை அடைக்காமல் செய்யும் எந்தப் பழுதுபார்ப்பும் நிலைக்காது.

மும்பை மாநகராட்சிச் சட்டத்தின்படி 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்கள், மாநகராட்சியில் பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு கட்டமைப்புத் தணிக்கை செய்து உறுதிச் சான்று பெற வேண்டும். உங்கள் கட்டடம் அந்த வயதைத் தாண்டிவிட்டது. இந்தப் பீமின் நிழற்படங்களைச் சொசைட்டிக் கூட்டத்தில் வைத்துத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். உங்கள் அறையில் வெளிப்பட்டது மற்ற வீடுகளில் பூச்சுக்குள் மறைந்திருக்கக்கூடும்.

கேள்வி: தாராவியில் எங்கள் வீட்டின் மேல்தளக் கூரைத் தகட்டை மாற்றப் போகிறோம். சாதாரண ஜி.ஐ., கால்வல்யூம், அலுமினியம் மூன்றில் எது நல்லது? (வாசகர், தாராவி)

பதில்: கால்வல்யூம் என்பது எஃகுத் தகட்டின்மேல் ஏறத்தாழ 55 விழுக்காடு அலுமினியமும் மீதி பெரும்பாலும் துத்தநாகமும் கலந்த பூச்சு ஏற்றியது. துத்தநாகம் மட்டும் பூசிய ஜி.ஐ. தகட்டை விட மழையில் நெடுநாள் தாங்கும் என்பதால், உங்கள் செலவு வரம்புக்கு அதுவே பொருந்தும் என்று கருதுகிறேன். ஜி.ஐ. தகடே வாங்குவதாயின், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் துத்தநாகம் என்று கேளுங்கள்; 120 என்பதற்கும் 275 என்பதற்கும் ஆயுளில் பெரும் வேறுபாடு இருக்கிறது. அலுமினியம் துருப்பிடிக்காது, எடையும் எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதன்மேல் ஆள் ஏறி நடந்தால் எளிதில் நெளிந்துவிடும். தாராவியில் தார்ப்பாய் விரிக்கவும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கவும் கூரைமேல் ஏறாமல் மழைக்காலத்தைக் கடப்பது அரிது.

எந்தத் தகடானாலும் கிரைண்டரால் அறுக்க விடாதீர்கள். அந்தச் சூடு வெட்டு ஓரத்தின் பூச்சை எரித்துவிடும், தெறிக்கும் பொறிகள் தகட்டில் பதிந்து ஒவ்வொன்றும் ஒரு துருப்புள்ளியாகும். தகடு வெட்டும் கத்தரியே சரி. ரப்பர் வாஷருடன் கூடிய, தகட்டின் பூச்சுக்கு ஈடான பூச்சுள்ள திருகுகளையே கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான கூரைகள் திருகுத் துளையிலிருந்துதான் ஒழுகத் தொடங்குகின்றன. ஈரச் சிமெண்டு இந்தப் பூச்சுகளை அரிக்கும் என்பதால், சுவரோரத்தை அடைக்கச் சிமெண்டைத் தகட்டின்மேல் அப்ப வேண்டாம். பக்கத்து வீட்டு ஏ.சி.யின் செம்புக் குழாயிலிருந்து நீர் கூரைமேல் சொட்டினால் அதையும் வேறு பக்கம் திருப்பச் சொல்லுங்கள், ஏனெனில் செம்பு கலந்த நீர் துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அரிக்கும்.

கேள்வி: பழைய ஜி.ஐ. தண்ணீர்க் குழாயில் பாதியை மட்டும் செம்புக் குழாயாக மாற்றலாமா? (வாசகி, முலுண்ட்)

பதில்: தவிர்ப்பது நல்லது. செம்பைக் கடந்து வரும் நீர் அடுத்துள்ள ஜி.ஐ. குழாயின் துத்தநாகத்தை உண்ணும். வேறு வழியில்லை என்றால், நீர் முதலில் ஜி.ஐ. குழாயிலும் பிறகே செம்பிலும் ஓடுமாறு அமையுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் பித்தளை இணைப்பு போடுங்கள். ஜி.ஐ.யிலேயே தொடர்வதாயின் குழாயின்மேல் உள்ள வண்ணப் பட்டையைப் பாருங்கள்: மஞ்சள் மெல்லியது, நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது. வீட்டுக்கு நீலம் போதும்.

கேள்வி: வாஷியில் புதிய வீட்டுக்கு அலுமினிய ஜன்னல் போடுகிறோம். பூச்சு வேலை நடக்கும்போதே பொருத்திவிடலாமா? (வாசகர், நவி மும்பை)

பதில்: கூடுமானவரை பூச்சு முடிந்த பிறகு பொருத்துங்கள். சிமெண்டின் காரம் அலுமினியத்தில் நீங்காத வெள்ளைக் கறையை உண்டாக்கும். முன்பே பொருத்த நேர்ந்தால் சட்டத்தின்மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை வேலை முடியும்வரை உரிக்க விடாதீர்கள். கீல்களுக்கும் சட்டத்துக்கும் எஸ்.எஸ். திருகுகளைப் பயன்படுத்தலாம், பெரிய அலுமினியப் பரப்பில் சிறிய எஸ்.எஸ். திருகு பெரும் கேடு செய்வதில்லை.

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊரில் வீடு கட்டுகிறோம். நான் இங்கிருந்து பணம் அனுப்ப, என் தம்பி அங்கே வேலையைப் பார்க்கிறான். கான்கிரீட்டுக்குள் போடும் கம்பியில் 500 ரகம் வாங்குவதா, 500டி ரகம் வாங்குவதா? ஏமாறாமல் வாங்குவது எப்படி? (வாசகர், சயான் கோலிவாடா)

பதில்: இரண்டின் வலிமையும் ஒன்றே. ‘டி’ என்ற எழுத்து, முறியும் முன் கம்பி எவ்வளவு நீளும் என்பதைக் குறிக்கிறது. ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தரநிர்ணயத்தின்படி 500 ரகம் குறைந்தது 12 விழுக்காடும், 500டி ரகம் குறைந்தது 16 விழுக்காடும் நீள வேண்டும். அதிகம் நீளும் கம்பி, நிலம் அதிரும்போது சட்டென முறியாமல் வளைந்து தாங்கும். விலை வேறுபாடு சிறிதானால் 500டியையே வாங்கச் சொல்லுங்கள்.

ஏமாற்று பெரும்பாலும் எடையில்தான் நடக்கிறது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பிக்கு இது 0.888 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.66 கிலோ இருக்க வேண்டும். இந்த அளவுக் கம்பிக்குத் தரநிர்ணயம் 5 விழுக்காடு வரை ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. கம்பிகளின் சராசரி எடை 10.1 கிலோவுக்குக் கீழே இறங்கினால் தம்பி அந்தச் சுமையை இறக்கவிடாமல் திருப்பி அனுப்பலாம். கம்பியின் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ரகமும் பதிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

டி.எம்.டி. கம்பியின் வலிமை, ஆலையில் சூடான கம்பியை நீரால் திடீரெனக் குளிர்வித்து உண்டாக்கிய கடினமான வெளி வளையத்தில் இருக்கிறது. வளைப்பது எளிதாகட்டும் என்று கொத்தனார் அதை நெருப்பில் காய்ச்சினால் அந்த வளையம் கெட்டுவிடும். ஒருமுறை வளைத்ததை நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்தவும் கூடாது. மெல்லிய பழுப்புத் துரு படிந்த கம்பியைக் குறை சொல்ல வேண்டாம்; செதிலாக உரியும் துரு இருந்தால் மட்டும் மறுத்துவிடுங்கள்.

பின்னாளில் மாடி எழுப்புவதற்காகத் தூண்களின் மேல் கம்பிகளை நீட்டிவிடும் பழக்கம் நம் ஊர்களில் எங்கும் உண்டு. உங்கள் வீட்டிலும் அப்படி விடுவதாயின், கம்பிகளுக்குச் சிமெண்டுப் பால் பூசி, வலுக்குறைந்த கான்கிரீட்டால் மூடி வைக்கச் சொல்லுங்கள். திறந்தபடி பல ஆண்டுகள் மழையில் நின்ற கம்பியோடு புதிய கம்பியை இணைத்துக் கட்டுவதற்கு முன், அதன் விட்டத்தை அளந்து பார்க்கும்படி அங்குள்ள பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.