83 கிலோ, 5 மாதம், அக்னிவீர் ரேலி: எடையைக் குறைப்பது எப்படி, ஓட்டத்தைக் கூட்டுவது எப்படி?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 19. உசிலம்பட்டி பக்கம் கிராமம். உயரம் 168 செ.மீ., எடை 83 கிலோ. பிளஸ் டூ முடித்து ஒன்றரை வருடமாக மொபைல் கடையில் உட்கார்ந்தே வேலை. ராணுவத்தில் நான்கு வருடப் பணிக்கான அக்னிவீர் ஆன்லைன் தேர்வை நன்றாக எழுதியிருக்கிறேன். அடுத்து உடல்தகுதி பார்க்கும் ரேலிக்கு ஐந்து மாதம் இருக்கும் என்கிறார்கள். 1,600 மீட்டர் ஓட 9 நிமிடம் ஆகிறது. பீமில் (கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்கும் புல்-அப்) ஒன்றுகூட எடுக்க முடியவில்லை. இரண்டு வாரம் ஓடியதில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது. ஒரு வேளை மட்டும் சாப்பிட்டால் மூன்று மாதத்தில் 15 கிலோ குறையும் என்கிறான் நண்பன். ஜிம்மில் ஒரு மாத்திரை சொல்கிறார்கள். அம்மா பயப்படுகிறார். நான் என்ன செய்வது?

பதில்:

தம்பி, முதலில் அந்த மாத்திரை. வாங்கியிருந்தால் தூக்கிப் போட்டுவிடு. எடை குறைக்க என்று கைமாறும் மாத்திரைகள் பலவற்றில் உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. சிலவற்றில் தைராய்டு ஹார்மோன் இருக்கும். சிலவற்றில் உடம்பின் தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து இருக்கும். இரண்டாவது வகையைப் போட்டால் மூன்று நாளில் இரண்டு கிலோ குறைந்ததுபோலத் தெரியும். குறைந்தது கொழுப்பு இல்லை, தண்ணீர். அந்த உடம்போடு வெயிலில் 1,600 மீட்டர் ஓடினால் உயிருக்கே ஆபத்து. ஓட்டத்தைத் தாண்டினாலும் மெடிக்கல் பரிசோதனையில் நாடித்துடிப்பு எகிறி நிற்கும்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக் கணக்கும் வேண்டாம். பட்டினி கிடந்தால் எடை இறங்கும், ஆனால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். உனக்கு ஓடவும் தசை வேண்டும், பீமில் உடம்பைத் தூக்கவும் தசை வேண்டும்.

பல வருடங்களாகப் பையன்களைக் கிரவுண்டுக்குத் தயார் செய்கிறேன். ஒருவன் என் மனதை விட்டுப் போகவே இல்லை. ஓட்டத்தில் கெட்டிக்காரன். எடை ஒன்றரைக் கிலோ கூட இருக்கிறதே என்று பயந்து, ரேலிக்கு முந்தின இரண்டு நாளும் யாரிடமும் சொல்லாமல் எலுமிச்சைத் தண்ணீர் மட்டும் குடித்திருக்கிறான். மூன்றாவது சுற்றில் கால் பின்னிக்கொண்டு விழுந்தான். எழுந்து பத்தடி போனான், மறுபடி விழுந்தான். அவன் அப்பா வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உனக்கு அப்படி நடக்கக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். உன் உயரத்துக்கு 83 கிலோ என்றால் பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 29-ஐத் தாண்டுகிறது. 25-க்குள் வர 70.5 கிலோவுக்கு இறங்க வேண்டும். ராணுவம் உயரத்தையும் வயதையும் வைத்து எடையைப் பார்க்கும். உன் அறிவிப்பில் சொல்லியிருக்கும் அட்டவணையைத் தேடிப் பார்த்து உறுதி செய்துகொள். அதுவரை 70 என்று மனதில் வை. குறைக்க வேண்டியது 13 கிலோ.

ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாளைக்கு 500, 600 கலோரி குறைவாகப் போனால் வாரத்துக்கு அரைக் கிலோ, சில வாரம் கொஞ்சம் கூட. ஐந்து மாதம் என்பது 21, 22 வாரம். முடியும், ஆனால் ஒரு மாதத்தைக்கூட வீணாக்க இடமில்லை. முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று கிலோ மளமளவென்று இறங்கலாம். அதில் பாதிக்கு மேல் தண்ணீர். அப்புறம் முள் அசையாமல் நிற்கும் ஒரு வாரம் வரும். பையன்கள் பட்டினிக்கு ஓடுவது அந்த வாரத்தில்தான். நீ அசையாமல் இரு.

இதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. எடையை ஓடியே குறைத்துவிடலாம் என்று நினைப்பது. உன் உடம்பு ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 80 கலோரி செலவாகும். இரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து ஒரு பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிட்டால் கணக்கு முடிந்தது, மிச்சம் கால்வலிதான். எடையைச் சாப்பாட்டில் குறை. வேகத்தைக் கிரவுண்டில் கூட்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, எடை குறைய வேண்டும் என்று 83 கிலோவோடு தினமும் ஓடியதால்தான் உன் முன்னெலும்பு வலிக்கிறது.

சாப்பாட்டில் எங்கே குறைப்பது? உன் கடையிலிருந்தே தொடங்குவோம். மொபைல் கடைக்கு நாளைக்கு எத்தனை தடவை டீ வருகிறது? நான்கா, ஐந்தா? பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்ட ஒரு டீ சுமார் 80 கலோரி. ஐந்து டீ 400. சாயங்காலம் இரண்டு வடை வந்தால் இன்னொரு 200. நாள் முழுக்கக் குறைக்க வேண்டியது அங்கேயே கிடக்கிறது, சோற்றில் இன்னும் கையே வைக்கவில்லை! டீயை இரண்டாக்கு, சர்க்கரையை அரை ஸ்பூன் ஆக்கு. வடைக்குப் பதில் வீட்டிலிருந்து அவித்த சுண்டல் ஒரு டப்பா கொண்டு போ. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பாசிப்பயறு என்று மாற்றிக்கொள்ளலாம்.

மதியம் சோறு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சோறு இல்லாமல் நம் வீட்டுப் பிள்ளை எத்தனை நாள் தாங்கும்? தட்டைப் பிரித்துக்கொள். கால் பாகம் சோறு, கால் பாகம் பருப்போ முட்டையோ மீனோ கோழியோ, மீதிப் பாதி காய். முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வா. அம்மாவிடம் ஒன்று மட்டும் கேள். குழம்பில் மிதக்கும் எண்ணெயை உனக்கு ஒதுக்கி ஊற்றச் சொல். நீ தட்டிலிருந்து கையை எடுப்பதற்குள் "இன்னும் கொஞ்சம்" என்று கரண்டி வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அம்மாவோடு சண்டை போடாதே. அந்தக் கரண்டியில் சோற்றுக்குப் பதில் அவரைக்காயோ கீரையோ வரட்டும். அவருக்கும் பிள்ளைக்குப் பரிமாறிய நிறைவு இருக்கும்.

புரதம் நாளைக்கு 90 முதல் 100 கிராம் வரை வர வேண்டும். பவுடர் டப்பாவுக்குப் பணம் கொட்டத் தேவையில்லை. ஒரு முட்டையில் 6 கிராம். காலையில் மூன்று முட்டையும் இரண்டு இட்லியும். மதியம் மீன், கிடைக்காத நாளில் கெட்டியான பருப்பு. மத்தி மீன் விலையும் குறைவு, சத்தும் அதிகம், பொரிக்காமல் குழம்பாக வை. சாயங்காலம் சுண்டல், கூடவே ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை. அதற்கு மேல் வேண்டாம், கடலையில் எண்ணெய் நிறைய. இரவு எட்டு மணிக்குள் தோசை இரண்டு, முட்டையோ பனீரோ சேர்த்து. பரோட்டா, பாட்டில் கலர், பேக்கரி பன், இந்த மூன்றையும் ரேலி முடியும் வரை நிறுத்து.

ஓடத் தொடங்கும் முன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ ஒருமுறை போய் வா. ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு பார்க்கச் சொல். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ, தலைசுற்றி விழுந்திருந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, இ.சி.ஜி. எடுத்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் கிரவுண்டில் கால் வைக்க வேண்டும்.

இப்போது கால்வலி. வலி போகும் வரை ஓட்டத்தை நிறுத்து. நிறுத்துவதால் ஒன்றும் கெட்டுப்போகாது. முதல் மாதம் காலையில் 45 நிமிடம் வேக நடை, சாயங்காலம் சைக்கிள். ஊரில் தண்ணீருள்ள கிணறு இருந்து உனக்கு நீச்சல் தெரிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. மூச்சு வளரும், எலும்பில் பாரம் விழாது. தனியாக மட்டும் இறங்காதே. எலும்பில் ஒரே புள்ளியைத் தொட்டால் சுரீர் என்றாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வலித்தாலோ, அது எலும்பில் விழுந்த கீறலாக இருக்கலாம். எலும்பு டாக்டரிடம் காட்டு.

இரண்டாம் மாதம் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அரை மணி நேரம், வாரத்தில் நான்கு நாள். தார் ரோட்டில் வேண்டாம், மண் மைதானத்தில் ஓடு. தேய்ந்துபோன ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடிப்பாகம் மெத்தென்று இருப்பதாக ஒன்று வாங்கிக்கொள். இந்த நேரத்தில் நீ 77, 78-ல் இருப்பாய். ஐந்து கிலோ இறங்கிய உடம்பில் ஓடுவது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று நீயே உணர்வாய். மூன்றாம் மாதம் நிற்காமல் மூன்று கிலோமீட்டர், பிறகு நான்கு, ஐந்து. பக்கத்தில் ஓடுபவனோடு பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம் போதும்.

வேகப் பயிற்சி நான்காம் மாதம்தான். ரேலியில் 5 நிமிடம் 30 வினாடிக்குள் வந்தால் முதல் குரூப், 60 மார்க். 5.45 வரை இரண்டாவது குரூப், 48 மார்க். அதற்கு மேலான நேரத்துக்கு என்ன விதி என்பதை உன் அறிவிப்பில் பார், அது மாறுவதுண்டு. 5.30 என்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 82 வினாடி. இந்த 82 உன் காலுக்குள் இறங்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் 400 மீட்டரை நான்கு முறை ஓடு, நடுவே மூன்று நிமிட நடை. முதலில் 100 வினாடி ஆகும், அப்புறம் 95, 90. மற்ற நாட்களில் மெதுவோட்டம்தான். தினமும் முழு வேகத்தில் ஓடுபவன் மூன்றாவது வாரம் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

ஓடும்போது உடம்பு குளிர்ந்து நடுங்குவதுபோல இருந்தாலோ, பேச்சு குழறினாலோ, தலை கனத்தாலோ அங்கேயே நில். நிழலுக்குப் போ, தண்ணீர் ஊற்றச் சொல், தெளியாவிட்டால் ஆஸ்பத்திரி. இதில் வீரம் காட்ட வேண்டாம்.

பீம் விஷயத்தில் உன் எடைதான் முதல் எதிரி. 13 கிலோ குறைவது என்றால், முதுகில் கட்டியிருந்த பாதி 25 கிலோ அரிசிப் பையை அவிழ்த்து வைத்ததுபோல. ஆனால் எடை குறையட்டும் என்று காத்திருக்காதே, முதல் நாளிலிருந்தே பீமைப் பிடி. முதலில் சும்மா தொங்கு, 20 வினாடி, பிறகு 40. அடுத்து ஸ்டூல் போட்டு ஏறி, தாடை பீமுக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஐந்து எண்ணும் வரை மெதுவாக இறங்கு. இதை ஐந்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். இறங்கத் தெரிந்த கை ஒருநாள் ஏறும். அந்த முதல் ஒன்று வந்துவிட்டால் ஆறு வரை வருவது பொறுமைதான். ஆறுக்கு 16 மார்க், பத்துக்கு 40 மார்க். கையை முழுக்க நீட்டி, காலை உதறாமல் எடுத்துப் பழகு. அரைகுறையாக எடுப்பதை அங்கே எண்ண மாட்டார்கள். ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவதும், வளைந்து போகும் குறுகிய கட்டையில் விழாமல் நடக்கும் ஜிக்-ஜாக் பேலன்ஸும் தகுதிக்கு மட்டும், மார்க் கிடையாது. கடைசி ஆறு வாரம் பழகினால் போதும்.

மெடிக்கலை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. எடை அதிகமுள்ளவர்களுக்குத் தொடைச் சதையால் முழங்கால் முட்டிக்கொண்டு, பாதங்கள் விலகி நிற்கும். சதை குறைந்ததும் பலருக்குச் சரியாகிவிடும், எலும்பே அப்படி என்றால் ஆகாது. ஈரக்காலைத் தரையில் வைத்துப் பார், பாதத்தின் நடு வளைவு தெரிகிறதா என்று. வண்ணப் பார்வை, பல், காது அழுக்கு, விரைவீக்கம், எல்லாவற்றையும் இப்போதே ஒரு டாக்டரிடம் காட்டிவிடு. சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்ய உனக்கு ஐந்து மாதம் இருக்கிறது. பச்சை குத்தும் ஆசை இருந்தால் விட்டுவிடு. எடை, உயரம், மெடிக்கல் எதையும் "பார்த்துக்கொள்கிறேன்" என்று எவராவது பணம் கேட்டால் அவர் நிழலில்கூட நிற்காதே. அம்மாவின் நகையை இப்படி அடகு வைத்து அழுத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். எடை 70-க்கு வந்துவிடும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 9 நிமிடத்திலிருந்து 5.45-க்கு ஐந்து மாதத்தில் இறங்குவது கடினம். வரலாம், வராமலும் போகலாம். அக்னிவீருக்கு வயது வரம்பு வைத்திருக்கிறார்கள். உன் பிறந்த தேதியை அறிவிப்போடு ஒத்துப்பார்த்தால் அடுத்த வருடமும் வாய்ப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால், இந்த ரேலியை முழு மூச்சோடு ஓடு, ஆனால் இதற்காக உடம்பை உடைத்துக்கொள்ளாதே.

கடைசி வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறை. புதிதாக எதையும் சாப்பிடாதே. முந்தின நாள் சோறு, தண்ணீர், உப்பு எதிலும் குறை வைக்காதே, இரவு பத்துக்குள் போனை அணைத்துவிட்டுப் படு. ஓடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன் இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் தண்ணீர். விசில் ஊதியதும் கூட்டம் மொத்தமும் பாயும். நீ முதல் 200 மீட்டரில் பாயாதே, பழகிய சுற்று வேகத்திலேயே போ. மூன்றாவது சுற்றில் உன்னைத் தாண்டிப் போனவர்களில் பாதிப் பேரைத் தாண்டுவாய்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், வெறும் வயிற்றில், எடை பார்த்து ஒரு நோட்டில் எழுது. பக்கத்தில் இடுப்புச் சுற்றளவையும் எழுது. எடை நிற்கும் வாரத்திலும் இடுப்பு குறைந்துகொண்டிருக்கும். நான்கு ஞாயிறு முடிந்ததும் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பு. முன்னெலும்பு வலி எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுது, இரண்டாம் மாத ஓட்டத்தை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.